எழுபத்தோராம் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் யோகேஸ்வரன் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் விக்னராஜா அண்ணை அவர்களே, வேலை முடிந்த கையோடு சிட்னி வென்ட்வேர்த்வில் மண்டபத்துக்கு ஓடிவந்திருக்கும் எழுத்தாள நண்பர்களே, வாசகர்களே! இரத்தினசிங்கம் பேசுகிறேன். அழுகிற வாயோடு பேசுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தியபாமா அக்கா போய்விட்டார். நூல் திறனாய்வாளர் சத்தியபாமா விக்னராஜா என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறோம். உயிரோடு இருந்தபோது அந்தப் பட்டத்தை யாராவது கொடுத்தோமா? பரமட்டா தபால் நிலையத்தில் கடிதம் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர் அவர். ரயிலில் போகும்போதும் வரும்போதும் நம் புத்தகங்களை வாசித்து, மாதப் பத்திரிகைக்குக் கைப்பட எழுதி அனுப்பினார். ஒன்பது வருடத்தில் அறுபத்தொரு புத்தகம்! எல்லாம் நாம் சொந்தச் செலவில் அச்சடித்து, கராஜில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்த புத்தகங்கள். விற்க ஒரு கடை உண்டா? விளம்பரப்படுத்த ஒரு பதிப்பகம் உண்டா? அக்கா எழுதினால் நாலு பேர் தேடி வந்து கேட்பார்கள். நமக்கு இருந்தது அது ஒன்றுதான்.

என் கதையைச் சொல்கிறேன். தொண்ணூற்றெட்டில் என் நாவலை இதே மண்டபத்தில் வெளியிட்டேன். இருநூறு பேர், எட்டுப் பேச்சாளர்கள், பொன்னாடை, ரோல்ஸ், தேநீர். 'ஒரு பக்கத்தைக்கூட நீக்க முடியாத நூல்' என்று ஒருவர் மேசையைத் தட்டிப் பேசினார். அவர் இன்றும் இங்கே இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் அக்காவின் விமர்சனம் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தார்: 'முப்பத்திரண்டாம் பக்கத்தில் கதாநாயகி கொழும்பில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அடுத்த பக்கம் நாற்பத்தொன்பது. அங்கே சிட்னியில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். நடுவில் பதினாறு பக்கங்களைக் காணவில்லை. அவளுக்கு என்ன நடந்தது? நல்ல கதை. தெரியாமல் எனக்கு நித்திரை வரவில்லை.'

ஐயோ, என் மானம் கப்பலேறியது! பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பிரதியிலும் அந்தப் பதினாறு பக்கம் இல்லை. அச்சகத்தில் கோர்க்காமல் விட்டுவிட்டார்கள். எழுதிய நானே புரட்டிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு சரி. ஆனாலும் எனக்கு வந்த கோபம் அக்காவில்தான்.

"என்னக்கா, இப்பிடி ஊர் சிரிக்க வைச்சிட்டியள்?" என்று தொலைபேசியில் பாய்ந்தேன்.

"தம்பி, எட்டுப் பேர் பாராட்டினவை, ஒருத்தரும் வாசிக்கேல்லை. நான் வாசிச்சனான். நீர் ஆரோடை கோவிக்கிறீர்?"

நான் போனை வைத்துவிட்டேன். அந்த வாரமே அழைப்புகள் வரத் தொடங்கின. ஹோம்புஷ்ஷில் இருந்து, மெல்பேர்ன் கிளென் வேவர்லியில் இருந்து, முன்பின் தெரியாதவர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது? பதினாறு பக்கத்தையும் போட்டோக் கொப்பி எடுத்து, உள்ளே செருகி அனுப்பினேன். ஆறு மாதத்தில் கராஜ் வெறுமையாகிவிட்டது. எட்டுப் பேச்சும் செய்யாததை, ஒரு வாசகியின் அரைப்பக்கம் செய்தது!

இனிச் சொல்லப்போவது என் குற்றம். மூன்று வருடத்துக்கு முன் அக்கா தன் சிறுகதைகளை 'ஏழு ஐம்பத்திரண்டு ரயில்' என்று புத்தகமாகப் போட்டார். விழா வேண்டாம் என்று, அதுவரை தான் விமர்சனம் எழுதிய எழுத்தாளர்கள் எல்லோருக்கும் தபாலில் அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டு, 'வாசித்தால் ஒரு சொல் சொல்லுங்கள்' என்று அச்சிட்டிருந்தார். நம்மில் யார் ஒரு வரி எழுதினோம்? ஒரு கலியாண வீட்டில் அக்காவைக் கண்டேன்.

"வாசிச்சனான் அக்கா. அருமை!"

"எந்தப் பக்கம் தம்பி பிடிச்சது?"

"முழுக்கத்தான்!"

அவர் என்னையே பார்த்தார். "வடை ஆறப்போகுது, எடும்," என்றார். பிறகு கேட்கவே இல்லை. நான் பொய் சொன்னேன், சபையோரே. அட்டையைத் தாண்டிப் போகாத மனுசன் பொய் சொன்னேன்.

சனிக்கிழமை தகனம் முடிந்து வந்து, மத்தியானம் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஒரே இருப்பில் முடித்தேன். எழுபத்தோராம் பக்கத்தில் ஒரு பெண் தினமும் ரயிலில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு போவாள். ஒருநாள் பையை எடுத்து மடியில் வைப்பாள். யாரும் வந்து உட்காரமாட்டார்கள். அவ்வளவுதான் கதை. அழுதேன். என்ன நினைத்தேனோ தெரியாது, கடைசிப் பக்கத்து எண்ணை அழுத்திவிட்டேன்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" விக்னராஜா அண்ணைதான்.

"அண்ணை, புத்தகம் வாசிச்சனான்."

அண்ணை கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "அவ போனுக்குப் பக்கத்திலை கதிரை போட்டு வைச்சிருந்தவ. மணி அடிச்சால் என்னை எடுக்க விடமாட்டா. மூண்டு வருசத்திலை நீர்தான் முதல் ஆள்." மூக்கை உறிஞ்சினார். "பொறும், பேனை எடுக்கிறன். எந்தப் பக்கம் பிடிச்சது?"

நண்பர்களே, நான் விமர்சனம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். இனி மாதம் ஒரு நூல், அக்கா விட்ட இடத்திலிருந்து நான் எழுதுவேன். இது அவர் படத்தின் முன் நான் செய்யும் சத்தியம். காலம் கடந்த சத்தியம்தான், என்ன செய்ய?

உங்கள் வீட்டிலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. இன்று பூப்போட்டது போதும், போய் வாசியுங்கள். வாசித்துவிட்டு அந்த எண்ணுக்கு எடுங்கள். அண்ணை கதிரையில் இருப்பார். எந்தப் பக்கம் என்று கேட்பார். முழுக்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.