வீட்டுக்காரருக்கு ஒரு ரேசர்

கடைக்காரம்மா: அஞ்சு நிமிஷத்துல மொத்தமும் வழிச்சு முடிக்கணுமா? அப்படி அவசரமா உங்க வீட்டுக்காரர் எங்க போறார், படையெடுக்கவா?

வந்தவள்: இல்லக்கா... ஒரே பாத்ரூம். வீட்டுல ஆளுங்க அதிகம். யாராவது கதவைத் தட்டறதுக்குள்ள முடிச்சுட்டு வெளிய வந்துடணும்.

கடைக்காரம்மா: தட்டினா தட்டட்டுமே. ஆம்பளை உள்ள ஷேவ் பண்றான்னா வீடே வெளிய வரிசையில நிக்கும். எங்க வீட்டுல நான் நிக்கலையா?

கடைக்காரர்: ஏணி மேல நின்னாலும் எனக்குக் காது கேக்கும்.

கடைக்காரம்மா: கேக்கட்டும்னுதான் சொல்றேன். நீங்க அந்த பிரஷ் பெட்டியை இறக்குங்க. பெட்டியோட நீங்களும் இறங்கிடாதீங்க.

வந்தவள்: இப்ப அந்த பிளாஸ்டிக் ரேசர்தான்... நாலு நாள்ல தூக்கிப் போடுவோமே, அது. அரைமணி நேரம் பிடிக்குது. திரும்பத் திரும்ப இழுத்தாலும் அடிமுடி நிக்குது. எரிச்சல் வேற.

கடைக்காரம்மா: எரியுதுன்னு யார் சொன்னா?

வந்தவள்: ...அவர்தான்.

கடைக்காரம்மா: எரியத்தான் செய்யும். பிளேடை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கான். நடுவுல சோப்பும் முடியும் போய் அடைச்சுக்கும். கழுவிக் கழுவியே விடிஞ்சுடும். இதைப் பாருங்க. ஒரே பிளேடு, ரெண்டு பக்கமும் கூர். ஒரு பக்கம் அடைச்சுதா, திருப்பிப் பிடிச்சு மறுபக்கம். அதுக்கப்புறம் கழுவினாப் போதும்.

வந்தவள்: கனமா இருக்கே.

கடைக்காரம்மா: கனம்தான் வேலை செய்யும். கை சும்மா கூடப் போனாப் போதும், எங்க வீட்டுக்காரர் என்கூட மார்க்கெட்டுக்கு வர்ற மாதிரி.

கடைக்காரர்: பையை யார் தூக்கறதாம்?

கடைக்காரம்மா: பெட்டி இன்னும் இறங்கல.

வந்தவள்: அழுத்திப் பிடிக்க வேண்டாமாக்கா?

கடைக்காரம்மா: அழுத்தினா ரத்தம்தான் வரும். தோல் மேல சாய்ச்சு வச்சு, சின்னச் சின்னதா இறக்கணும். அவ்வளவு அவசரம்னா கரண்டுல ஓடற மிஷின் இருக்கே, அதைக் காட்டட்டுமா?

வந்தவள்: வேண்டாம். அது சத்தம் போடும்.

கடைக்காரம்மா: போட்டா?

வந்தவள்: எல்லாரும் முழிச்சுப்பாங்க... என்ன சத்தம்னு கேப்பாங்க.

கடைக்காரம்மா: தாடி வழிக்கிறது வெளிய தெரியக் கூடாதுன்னு நினைக்கிற ஆம்பளையை இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். ரொம்ப அடக்க ஒடுக்கமானவரோ?

வந்தவள்: கூச்ச சுபாவம்க்கா.

கடைக்காரம்மா: நல்ல பழக்கம். எங்க வீட்டுக்காரரை அவர்கிட்ட ஒரு மாசம் அனுப்பி வைக்கிறேன்.

வந்தவள்: இதுல கைப்பிடி குட்டையா எதுவும் இருக்கா? துணி வைக்கிற பைக்கு அடியில... வெளிய தெரியாம...

கடைக்காரம்மா: அடிக்கடி வெளியூர் போறவரா?

வந்தவள்: இல்லக்கா, வீட்டுலதான்.

கடைக்காரம்மா: வீட்டுலயே ரேசரைத் துணிக்கடியில ஒளிச்சு வைக்கிறார். சரி. நம்ம கேக்கறதுக்கு என்ன இருக்கு.

கடைக்காரர்: தம்பிக்குத் தாடி எப்படிம்மா? முரடா, மென்மையா? முரடுன்னா சீப்பு மாதிரி பல்லு வச்ச ரேசர் தலை, மென்மைன்னா பல்லு இல்லாம மூடின தலை. அது தெரியாம ரேசர் வாங்கறது பொண்ணைப் பார்க்காம தாலி... சரி வேண்டாம், உவமை எதுக்கு.

கடைக்காரம்மா: அதானே, எங்க அடி விழும்னு தெரியுதே. நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கும்?

வந்தவள்: முரடுதான். ஆனா அடர்த்தி இல்ல. தாடைக்குக் கீழ, ரெண்டு ஓரத்துலயும்... அப்புறம் தொண்டைக்கு மேல கொஞ்சம்.

கடைக்காரர்: கன்னத்துல?

வந்தவள்: கன்னத்துல இல்லண்ணா.

கடைக்காரர்: மீசை?

வந்தவள்: மீசை... சும்மா பூனை முடி மாதிரி.

கடைக்காரம்மா: கன்னம் காலி, மீசை அரைகுறை, தாடைக்கு அடியில மட்டும் முரடு. உங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பங்கு போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க போல.

கடைக்காரர்: தினம் வழிப்பாரா?

வந்தவள்: தினம். ஒருநாள் விட்டாலும் தெரிஞ்சுடும்.

கடைக்காரர்: தினம்னா மூடின தலைதான். பல்லு வச்சது வேண்டாம். நான் பின்னாடி போய் சோப்பு டப்பா இருக்கான்னு பார்த்துட்டு வரேன். நுரை நல்லா வந்தாத்தான் வேகம் வரும்.

கடைக்காரம்மா: நிதானமா வாங்க. உங்க வேகம் எங்களுக்குத் தெரியாததா?

வந்தவள்: அக்கா, இதையே குடுத்துடுங்க. பில் போடுங்க.

கடைக்காரம்மா: இருங்க, அவரையே ஒரு நடை கூட்டிட்டு வாங்களேன். கையில பிடிச்சுப் பார்த்துட்டு வாங்கட்டும். பிடி சரியில்லன்னா எவ்வளவு நல்ல ரேசரும் வெறும் இரும்புதான்.

வந்தவள்: அவரால இப்ப வர முடியாதுக்கா. அடுத்த வாரம்தான்...

கடைக்காரம்மா: அடுத்த வாரம்தான்?

வந்தவள்: அடுத்த வாரம்தான் கல்யாணம்.

கடைக்காரம்மா: ஓ... அப்ப வீட்டுக்காரரே அடுத்த வாரம்தான் வர்றார். ஆனா அவருக்கு எங்கெங்க எரியுதுன்னு வரைக்கும் உங்களுக்கு இப்பவே அத்துப்படி.

வந்தவள்: போன்ல சொன்னார்.

கடைக்காரம்மா: சொல்லுவார், சொல்லுவார். நிச்சயமான புதுசுல எல்லாரும் அதைத்தான் பேசறாங்களாம். சரி, பிளேடு போடல, வெறும் ரேசர்தான். அவருக்குப் பதிலா நீங்க பிடிச்சுப் பாருங்க. எடை கைக்குச் சரியா வருதா?

வந்தவள்: எப்படிப் பிடிக்கணும்?

கடைக்காரம்மா: உங்களுக்கு எப்படி வருதோ அப்படி... ம். ஆங். அப்படியே இறக்குங்க... போதும்.

வந்தவள்: சரியா வருதுக்கா.

கடைக்காரம்மா: வராம? கழுத்தைச் சாய்ச்சு, நாக்கை உள்ளேருந்து முட்டுக் குடுத்து, தோலை விறைப்பா நிறுத்தி... இதையும் போன்ல சொன்னாரா?

வந்தவள்: பில்லைப் போடுங்கக்கா.

கடைக்காரம்மா: முதல்ல ரேசரைக் கீழ வை.

வந்தவள்: நான் போறேன்க்கா.

கடைக்காரம்மா: எங்க போவே? அடுத்த கடையில போய் இந்தக் கதையை மறுபடி முதல்லருந்து சொல்லணுமே. உக்காரு. நானும் அப்படித்தான் முட்டுக் குடுப்பேன்.

வந்தவள்: ...நீங்களா?

கடைக்காரம்மா: மெதுவாப் பேசு. அவர் பின்னாடிதான் இருக்கார்.

வந்தவள்: அண்ணனுக்குத் தெரியாதா?

கடைக்காரம்மா: கடைசிப் பொண்ணு காலேஜ் போயாச்சு. இதுவரைக்கும் தெரியாது. தனியா ரேசர் வச்சா மாட்டிப்பேன்னு அவரோடதையே எடுத்துப்பேன். கழுவி, ஈரம் போகத் துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சுடுவேன். ஷேவிங் சாமான் விக்கிற மனுஷன், கண்ணு முன்னாடி நடக்கறது தெரியாம ஊர் தாடிக்கெல்லாம் ஜாதகம் கணிக்கிறார்.

வந்தவள்: நான் டாக்டர்கிட்ட போனேன்க்கா. மாத்திரை சாப்பிட்டேன். குறைஞ்சுது, போகல. எங்கம்மா சொல்லாதேங்கறாங்க. சொன்னா கல்யாணமே நின்னுடுமாம்.

கடைக்காரம்மா: அவர் எப்படி?

வந்தவள்: நல்லவர்தான். போட்டோ பார்த்துட்டு, உன் முகம் கண்ணாடி மாதிரி இருக்குன்னார். அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன்.

கடைக்காரம்மா: கண்ணாடிக்குப் பின்னாடி ரசம் பூசினாத்தான் முகம் தெரியும்னு அவருக்கு யார் சொல்றது.

வந்தவள்: சொல்லிடலாமான்னு தோணுதுக்கா. அப்புறம் பயமா இருக்கு. உங்களால இத்தனை வருஷம் முடிஞ்சிருக்கே... என்னாலயும் முடியுமா?

கடைக்காரம்மா: முடியும். என்ன பெரிய விஷயம்? ஒருநாளும் அவருக்கு அப்புறம் எந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதான். காய்ச்சல்னாலும் முதல்ல பாத்ரூம். பிரசவத்துக்குப் படுத்தப்பகூட முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு, வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னேன். அவர் ஆசையா கன்னத்தைத் தொட வந்தா கொட்டாவி விடுவேன். எனக்கு எப்பப் பார்த்தாலும் தூக்கம்னு சொந்தக்காரங்க கிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கார்.

வந்தவள்: கஷ்டமா இல்லையா?

கடைக்காரம்மா: அசதியா இருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல... ஒருநாளாவது அவர் பக்கத்துல வெயில் வர்ற வரைக்கும் தூங்கணும்னு இருக்கும். அவ்வளவுதான். விடு, பழகிடும்.

வந்தவள்: அப்ப குட்டைக் கைப்பிடியே குடுங்க.

கடைக்காரம்மா: குடுக்கறேன். பிளேடு இந்த நீல அட்டை. இருக்கறதுலயே கூர் இதுதான், ஒரே இழுப்புல வந்துடும். எங்க வீட்டு ரேசர்ல அவர் மாட்டறதும் இதேதான். புதுசுல ஒரு தடவை கழுத்துல கிழிச்சதோட சரி, அப்புறம் என் தோலை ஒண்ணும் பண்ணல.

கடைக்காரர்: சோப்பு கிடைச்சுது. பிளேடு எது வச்சே?

கடைக்காரம்மா: நீலம்.

கடைக்காரர்: அதை எடுத்துட்டு பச்சை வை. நீலத்துல கூர் அதிகம். பொம்பளைத் தோல் தாங்காது.

வந்தவள்: அண்ணா, இது எனக்கில்ல... எங்க வீட்டுக்காரருக்கு...

கடைக்காரர்: சரிம்மா. தாடைக்கு அடியில மட்டும் முளைக்கிற உன் வீட்டுக்காரருக்கே இருக்கட்டும். அவருக்கும் பச்சைதான் நல்லது.

கடைக்காரம்மா: பொம்பளைத் தோலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஒட்டுக் கேட்டீங்களா?

கடைக்காரர்: சோப்பு டப்பாவைத் தேடினவன் எதுக்கு ஒட்டுக் கேக்கணும்? கேக்கறதுக்குப் புதுசா என்ன இருக்கு?

வந்தவள்: நான்... அப்புறமா வரட்டுமாக்கா?

கடைக்காரம்மா: நில்லு. என்னங்க... எப்பலேருந்து?

கடைக்காரர்: காலையில ரேசரை எடுத்தா துடைச்சுப் பளபளன்னு இருக்கும். நான் என் ஆயுசுல ரேசரைத் துடைச்சதில்ல.

கடைக்காரம்மா: தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே. பைத்தியக்காரி மாதிரி இருட்டுல எந்திரிச்சு எந்திரிச்சு...

கடைக்காரர்: நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா ரோஷப்பட்டு என் ரேசரை விட்டுட்டு எதையாவது வாங்கிக் கிழிச்சுப்பேன்னு பயம். கல்யாணமான புதுசுல கழுத்துல துணியைச் சுத்திக்கிட்டு தொண்டை வலின்னியே, அன்னிக்குத்தான் வீட்டு ரேசர்ல நீலத்தை எடுத்துட்டு பச்சை மாட்டினேன். இன்னிவரைக்கும் அதுதான். எனக்கு அது ஒருநாள்கூட ஒழுங்கா வழிச்சதில்ல.