புழுக்கையில பொதுவுடைமை

அட, அவ சொல்லுவா! அவ சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு நீங்களும் தலைய தலைய ஆட்டிட்டு வந்தீங்களாக்கும்? நல்லா இருக்கு கோனாரே, ரொம்ப நல்லா இருக்கு. ராமநாதபுரத்துலேருந்து இவ்வளோ தூரம் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தவருக்கு, தண்ணி வாங்கிக் குடிக்க வேற வீடே கெடைக்கலையா? நேரா அந்த எல்லையம்மா வாசல்லதான் போயி நிக்கணுமா?

சரி சரி, உக்காருங்க. பூவரசு நெழலு, நல்ல காத்து வரும். கம்பைக் கீழ வையுங்க. ஆடு எங்கயும் போயிடாது, அறுத்த வயலுதானே, மேயட்டும். மோரு குடிங்க. உப்பு தூக்கலா? இருக்கட்டும், வெயிலுக்கு அதான் நல்லது.

நான் அப்படி என்ன பெருசாக் கேட்டுட்டேன்? இந்தக் கோடையில என் வயல்ல கிடை கட்டுங்கங்குறேன். ராத்திரிக்கு ஆடெல்லாம் வயல்லயே அடைஞ்சு கெடக்கட்டும், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல எறங்கட்டும். கூலிய நெல்லா அளந்துடுறேன். சாப்பாடு நம்ம வீட்டுலதான். வேறென்ன வேணும்? யோசிங்க, யோசிங்க. ஆனா அவ வயலைப் பாத்துக்கிட்டே யோசிக்காதீங்க!

அவ வயலாம்! என் வாயிலயே வருது பாருங்க. அந்த மேட்டு வயலு எங்க மாமனாரோடது. எல்லையம்மா குத்தகைக்கு சாகுபடி பண்ணுனவ. குத்தகைக்காரங்க பேரைப் பதியலாம்னு சர்க்காருல சட்டம் போட்டாங்களா, இவ ஓடிப்போயி தாசில்தார் ஆபீசுல மொத ஆளா நின்னுட்டா. இனிமே அவளை யாரும் கெளப்ப முடியாதாம். சரி, அந்தச் சட்டம் வேணும் வேணும்னு மேடை மேடையாக் கத்துனது யாருங்குறீங்க? எங்க வீட்டுக்காரரு! மாலை போட்டாங்க இவருக்கு. கீழ நின்னு கைதட்டுனதுல எல்லையம்மாவும் ஒருத்தி. வயலு போச்சு, வாடுன மாலை வீட்டுக்கு வந்துச்சு. செங்கொடிக் கட்சி ரெண்டா ஒடஞ்சதுலேருந்து, தான் எதுல இருக்கோம்னு அவருக்கே மறந்து மறந்து போவுது. அதை விடுங்க.

எனக்கு மிஞ்சுனது இந்தப் பள்ள வயலுதான். சும்மா சொல்லக்கூடாது, மண்ணு வெண்ணெயா இருந்துச்சு. அப்பறம் வந்துச்சே மூட்டை உரம்! ஆபீசரு ஜீப்புல வந்து எறங்குனாரு. "யூரியா போடுங்கம்மா, கிடையெல்லாம் பழங்காலத்துக் கர்நாடகம்"னாரு. போட்டேன். பயிரு கருகருன்னு வந்துச்சு, இல்லேங்கல. அடுத்த வருசம் கூடப் போட்டாத்தான் வந்துச்சு. அதுக்கு அடுத்த வருசம் இன்னும் கூட… குடிகாரனுக்கு ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டே இருக்கணும். தழை உரத்துக்குக் கொழிஞ்சி வெதைச்சு மடக்கி உழுவுறதை விட்டேன். எருவடிக்கிறதை விட்டேன். மாட்டையும் வித்தாச்சு. இப்ப என்னடான்னா மூட்டை வெலை எங்கயோ போயிருச்சு. குடுக்குறேன்னாலும் சொசைட்டியில சரக்கு இல்ல. மண்ணோ காஞ்ச செங்கல்லாட்டம் கெடக்கு, கலப்பை மொனை ஏற மாட்டேங்குது.

அதான் கூப்புட்டு விட்டேன். சிரிக்காதீங்க! ஆமாம், போன வருசம் கிடைக்காரங்க வந்து கேட்டப்ப, ஆட்டு நாத்தம் அடுப்படி வரைக்கும் வருதுன்னு அனுப்பிச்சவ நான்தான். இப்ப என்னங்குறீங்க?

அந்தக் கிடையை எல்லையம்மா கட்டுனா. தெனம் ஒரு எடமா மாத்தி மாத்திப் படுக்கவெச்சு, வயலு முழுக்க சீராப் புழுக்கை. வரப்புல நின்னு பாத்தேன். வயிறு எரிஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். சித்திரையில ஒரு கோடை மழை புடிச்சுது பாருங்க… மேட்டுத் தண்ணி பள்ளத்துக்குத்தானே வரணும்? வரப்பு குறுக்க நின்னுச்சு. நான் லேசா, மம்பட்டியால ஒரு கொத்து. சரி, ரெண்டு கொத்துன்னுதான் வையுங்களேன். மொறைக்காதீங்க! மழை யாரு வீட்டுச் சொத்து? நிலமெல்லாம் பொதுன்னு கொடி புடிச்சவ, புழுக்கையில பொதுவுடைமைன்னா மட்டும் எதுக்கு மூஞ்சியத் தூக்கணும்?

டிகாசனாட்டம் வந்துச்சு கோனாரே, கறுப்பா! வந்தது சீராப் பரவக்கூடாதா? எல்லாம் போயி வடக்கு மூலையிலயே மண்டிக்கிச்சு. அங்க நட்ட நாத்து எப்படி எழும்புச்சுங்குறீங்க! எனக்கு சந்தோசம் தாங்கல. வீட்டுல மிச்சம் மீதி கெடந்த யூரியாவையும் அது தலையிலயே தெளிச்சேன். கண்ணு படக்கூடாதுன்னு திருஷ்டிப் பூசணிக்கா வேற. கதிரு வர்ற நேரம் பாத்துப் படுத்துருச்சு. பாயி விரிச்சாப்ல. அறுத்துப் பாத்தா அம்புட்டும் பதரு. மத்த மூலையெல்லாம் சோவை புடிச்ச மாதிரி மஞ்சளா நின்னுச்சு. அவளுக்கு மட்டும், அவ்வளோ சாரம் போயும், கண்டுமுதல் கொறையவே இல்ல. மண்ணு முன்னாடியே குடிச்சிருச்சாம். அப்படித்தான் பீத்திக்கிறா.

எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. இந்த வருசமும் வெளையலேன்னா வித்துட்டுத் தஞ்சாவூருல வீடு பாத்துக்கிட்டுப் போயிடலாமாம். மாடி வீட்டுல உக்காந்துக்கிட்டு நான் யாரைத் திட்டுறது, சொல்லுங்க? வெளையாட்டுக்குச் சொல்லல கோனாரே, எனக்கு பயமா இருக்கு. இந்த வயலு போச்சுன்னா எனக்குன்னு ஒண்ணுமே கெடையாது.

அதனால அவ பேச்சைக் கேட்டு மனசை மாத்திக்காதீங்க. பஞ்சாயத்துல நான் பொய் சொன்னேன்னு சொல்லியிருப்பாளே? எது பொய்யி? வரப்பு எப்படி ஒடஞ்சுதுன்னு கேட்டாங்க. ஊரு கூடி நிக்குறப்ப என் பேரையா சொல்லிக்குவேன்? ஆடு மிதிச்சிருக்கும்னேன். இருக்கும்னுதான் சொன்னேன், மிதிச்சுதுன்னு சொல்லல! அதுக்குப் போயி, கிடை போட்டிருந்த அந்த ஆளு… ஒல்லியா, காதுல கடுக்கன் போட்டுக்கிட்டு… பாவம், பழியை அவன் தலையில கட்டிட்டாங்க. நாள் பூரா மண்ணு சுமந்து, வரப்பை அவனே கட்டிக் குடுத்துட்டுப் போனான். நான்கூட மேல நின்னுக்கிட்டு, "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மண்ணை அணைப்பா"ன்னேன்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? நீலமேகமா? ஆமாம், நீலமேகம்தான் அவன் பேரு. அது எப்படி ஒங்களுக்கு… தம்பியா? கூடப்பொறந்த தம்பியா!

அடக் கடவுளே. வந்ததும் வராததுமா அதை மொதல்ல சொல்ல வேண்டாமா நீங்க? நான் பாட்டுக்கு வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம… கோனாரே, மோரு அப்படியே இருக்கே! நீலமேகம் தங்கமான பிள்ளைன்னு நான் அப்பவே சொன்னேன். வாய்விட்டுச் சொல்லல, மனசுக்குள்ள சொன்னேன். ஏய் ஏய், ஆட்டை எங்க திருப்புறீங்க? அது மேட்டு வயலு! அவ வயலு!

போங்க. அவகிட்டயே கட்டுங்க, நான் ஒண்ணும் கெஞ்ச மாட்டேன்… கோனாரே! ஒரு நிமிசம் நில்லுங்க, ஒண்ணே ஒண்ணு! கட்டுறதுதான் கட்டுறீங்க, என் வரப்போரமாக் கட்டுங்க. ராத்திரி ஆடு படுக்குறப்ப, தலை அவ வயலுப் பக்கம், வாலு என் வயலுப் பக்கம் இருக்குற மாதிரி கொஞ்சம் திருப்பிப் படுக்கவெச்சுருங்க!