முதல் கைக்கு வைத்த பிழை

புதிதாக வருகிற ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது, தேத்தண்ணி குடித்தாயிற்றா என்பதுதான். என்ன படித்தீர்கள், எந்தக் கணினி மொழி தெரியும் என்று தொடங்கினால் பாதிப் பேர் அந்த இடத்திலேயே சுருங்கிப் போவார்கள். தேத்தண்ணியைக் கேட்டால் பிளேன்டீயா, பாலா, சீனி எத்தனை கரண்டி என்று கதை தானாக ஓடும். ஏழு வருஷத்தில் இருநூற்றுப் பதின்மூன்று பேரை இப்படித்தான் உள்ளே எடுத்தேன். என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அதில் அடக்கம். அக்கீலாவுக்குச் சீனியே வேண்டாம். சிலாபத்துக் கில்பட்டுக்கு மூன்று கரண்டி. மின்ஹாஜ் அன்றைக்குக் கூச்சத்தில், தேத்தண்ணியே குடிப்பதில்லை என்று பொய் சொன்னார்.

நீங்கள் எழுத்தில் கேட்டது மூன்று கேள்வி. கோட்டில் இருந்த அந்த வரியை எடுத்தது யார், ஏன் எடுத்தார், இனியும் புதியவர்களை வரவேற்கும் வேலையை மஹ்மூதா டீச்சரிடம் விடலாமா. முதல் இரண்டுக்கும் பதில் எழுதுவது எனக்குச் சுகம். மூன்றாவதற்குத்தான் பேனா ஓடவில்லை. அந்த வேலை என் கையை விட்டுப் போனால் எனக்கு மிஞ்சுவது பாடசாலையும் பரீட்சைத் தாள்களும்தான்.

வெளியார் யாராவது இதை வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. 'கச்சான்' என்பது எங்கள் செயலியின் பெயர். கற்பிட்டி முதல் சிலாபம் வரை சின்ன வள்ளங்களில் தொழிலுக்குப் போகிறவர்கள் காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஒரு நிறம் தெரியும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் யோசி, சிவப்பு என்றால் வீட்டில் இரு. காற்றுத் தகவல் மணிக்கொரு தரம் வந்து நிறத்தை மாற்றும். செயலியை இயக்கும் எங்கள் கோட் எவருக்கும் திறந்தது. எவரும் பார்க்கலாம், திருத்தலாம், சம்பளம் கிடையாது. கச்சான் என்றால் இங்கே தென்மேல் காற்று, நிலக்கடலைக்கும் அதே பெயர். கனடாவிலிருந்து சேர்ந்த ஒரு தம்பி அதைக் கடலை என்று நினைத்து, நிலக்கடலைப் படம் ஒன்றை வரைந்து அனுப்பினார். அவருடைய முதல் வேலை என்பதால் அப்படியே போட்டுக்கொண்டோம். இன்றைக்கும் எங்கள் சின்னம் நிலக்கடலைதான். நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று அதிலேயே தெரியும்.

ஏன் என்ற கேள்விக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் ஒரு பாடசாலையில் சேர்த்தார்கள். வகுப்பில் எனக்குக் கதிரை இல்லை. எவரும் கெட்டவர்கள் இல்லை, கதிரை இல்லை, அவ்வளவுதான். முதல் நாள் முழுக்கச் சுவரோடு நின்றேன். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க ஒருத்தி நின்றால், நிற்பவளுக்குத் தன்னுடைய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது. நான் இருக்கும் இடத்துக்கு வருகிறவர் எவரும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அதனால்தான் 'முதல் கை' வழக்கத்தைக் கொண்டுவந்தேன். இலேசான பிழை ஒன்று கிடைத்தால் அதற்கு 'முதல் கை' என்று பெயர் ஒட்டுவோம். அது புதியவருக்கு மட்டும். பழையவர்கள், எத்தனை பெரிய கெட்டிக்காரர் என்றாலும், தொடக்கூடாது. ஒருவர் 'நான் எடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் இரண்டு கிழமை, பதினான்கு நாள், அது அவருடையது. அவர் அதைத் திருத்திய வெள்ளிக்கிழமை, பின்னேரக் கூட்டத்தில் எல்லோரும் கமராவைப் போட்டுக் கை தட்டுவோம். அடுத்த நாள் என் கையால் கிண்டிய மஸ்கட் அல்வா ஒரு பெட்டி தபாலில் போகும். முதல் திருத்தம் சேர்ந்துவிட்டது என்று திரையில் வரும்போது அந்த முகங்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்த நிமிஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவாது. கலியாண வீட்டில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

இரண்டாம் வருஷம் ஒரு சங்கடம் வந்தது. செயலி நன்றாகிவிட்டது. ஒரு கிழமையில் ஆறு பேர் வந்து நிற்கிறார்கள், கொடுக்க ஒரு பிழை இல்லை. நான் தேத்தண்ணிக் கதையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். ஆறாவது ஆள் போன அன்று நான் சோறு தின்னவில்லை.

மறுநாள் 'சிலாபம்' என்ற பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டி வைத்தேன். பிறகு, செயலியைப் பயன்படுத்துகிற பாவனையாளர் ஒருவர் முறையிட்டார் என்று நானே எழுதி, 'முதல் கை' ஒட்டினேன். அன்று பின்னேரமே ஒருவர் எடுத்தார். கில்பட், அது நீங்கள்தான். ஊர்ப் பெயரைக் காப்பாற்றிய பெருமையில் நீங்கள் அம்மாவைக் கமராவுக்கு முன்னால் கூட்டிவந்தீர்கள். அக்கீலா திருத்திய, கையில் பிடிபடாமல் நழுவிய பொத்தானும் என் வேலைதான். மின்ஹாஜின் தேதிக் குழப்பமும் அப்படியே. கோபப்படாதீர்கள். திருத்தியது உண்மையாகவே நீங்கள்தான். நான் இடம் மட்டும் ஒதுக்கினேன்.

பிழை வைப்பது கஷ்டமில்லை. தமிழ்ச் சொற்களைத் துப்புரவு செய்கிறேன் என்று நானூறு வரி மாற்றம் அனுப்பினால் அதை முழுக்க வாசிக்கிற ஆள் உலகத்தில் இல்லை. நடுவில் ஒரு வரி போய்விடும். பதிவில் என் பெயர்தான் இருக்கிறது, நான் எதையும் மறைக்கவில்லை. நீங்கள்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை.

போகப் போக இன்னொன்றைக் கவனித்தேன். எழுத்துப் பிழை திருத்தியவர்களில் பாதிப் பேர் ஒரு மாதத்தில் காணாமல் போனார்கள். பொத்தானைத் திருத்தியவர்கள் ஆறு மாதம் நின்றார்கள். நிறத்தையோ எண்ணையோ திருத்தியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தான் தொட்டது ஒரு ஆளுக்கு உதவும் என்று தெரிந்தால்தான் மனிதன் நிற்கிறான். ஆகவே, பிழை கொஞ்சம் பெரிதாக இருப்பது புதியவருக்கு நல்லது. இதை ஒரு டீச்சராகச் சொல்கிறேன்.

ஸஃப்னா வந்தது இந்த ஆனி மாதம். வண்ணாத்திவில்லுப் பிள்ளை, பத்தொன்பது வயது, முதல் மூன்று நாளும் கமராவைப் போடவே இல்லை. நான் வொயிஸ் அனுப்பினால் ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு சொல் வரும். நான்காம் நாள், என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டு, நீளமாக ஒன்று வந்தது.

"ராத்தா, நான் எதையாவது ஒடச்சிப் போட்டுருவேனோ எண்டு பயமா இருக்கு."

"பயப்பட வாணாம் தங்கச்சி, இங்க ஒடையாத சாமான் ஒண்டுமில்ல" என்று அனுப்பினேன். ஒரு சிரிப்புப் படம் திரும்பி வந்தது. அதைப் பார்த்து நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். இந்தப் பிள்ளைக்கு நல்லதாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று பட்டது.

காற்றுத் தகவல் வராமல் நின்றுபோனால் கச்சான் சாம்பல் நிறமாகும். எனக்குத் தெரியாது, என்னை நம்பாதே என்று அதற்குப் பொருள். ஞாயிற்றுக்கிழமை, சாம்பலாக்கும் அந்த ஒரு வரியை எடுத்தேன். எடுத்தால், தகவல் நின்றாலும் பழைய நிறமே காட்டிக்கொண்டிருக்கும். தகவல் நிற்பது வருஷத்தில் இரண்டு மூன்று தரம்தான். திங்கட்கிழமை 'முதல் கை' ஒட்டினேன். ஸஃப்னா, 'நான் எடுக்கிறேன்' என்று எழுதினாள். எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மீன் படமும் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை மின்ஹாஜ் அழைத்தார். அவர் இதை மறந்திருக்க மாட்டார்.

"ராத்தா, இது ரெண்டு நிமிஷ வேல. நான் செஞ்சி போட்டுர்றன்."

"அது ஸஃப்னாட. கை வைக்க வாணாம்."

"காத்துக் காலம் ராத்தா. தகவல் நிண்டா என்ன செய்ற?"

"அந்தப் புள்ள இப்பதான் வாய் தொறந்து கதைக்குது. பறிச்சிப் போட்டா திரும்ப வராது, மின்ஹாஜ்."

அவர் சரி என்றார். மின்ஹாஜ் நல்ல பிள்ளை, வழக்கத்தை மதிக்கிறவர். அதற்காக அவரை நீங்கள் மற்ற இருவரும் குறை சொல்லக்கூடாது.

ஸஃப்னா அடுத்த கிழமை முழுக்க முயன்றாள். ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளமான கேள்வி. புதன்கிழமை கமராவைப் போட்டாள். கன்னத்தில் குழி விழும் என்று அப்போதுதான் தெரிந்தது. வியாழன் மத்தியானம் காற்றுத் தகவல் நின்றது. அந்த நேரம் நிறம் பச்சை, அப்படியே நின்றுவிட்டது.

கண்டக்குழியில் சூசைப்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். நான்கு வருஷத்துக்கு முன், கோயில் வளவில் பூசை முடிந்து வந்தவர்களுக்கு நான் செயலியைக் காட்டியபோது அவர்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

"டீச்சர், என்ட மூக்குச் சொல்லாததையா உங்கட போன் சொல்லப்போகுது?"

ஒரு மாதம் சோதித்துப் பார்த்தார். பிறகு என்னைக் காணும் இடமெல்லாம், மூக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன் என்று சொல்லி மூக்கைத் தொட்டுக் காட்டுவார். வெள்ளிக்கிழமை விடிய, கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால், நண்டு வலை தூக்கத் தனியாகப் போனார். எட்டு மணிக்குக் காற்று எழும்பியது. வள்ளம் கவிழ்ந்து கிடப்பதை மற்றவர்கள் பத்து மணிக்குக் கண்டார்கள். அவரை அடுத்த நாள்தான் கண்டெடுத்தார்கள். கைப்பேசியை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். தண்ணீர் புகவில்லை. கவனமான மனிதர்.

அந்த வெள்ளி, ஜும்ஆ முடிகிற நேரமே எனக்குச் செய்தி வந்துவிட்டது. நான்கு மணிக்கு ஸஃப்னாவின் திருத்தம் வந்தது. எடுத்த வரியை அப்படியே திருப்பி வைத்திருந்தாள், என்னுடையதைவிடச் சுத்தமாக. சேர்த்தேன். ஐந்து மணிக்குக் கூட்டம். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய நாள் கெட்டுவிடும். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள், அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தாள். என் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான வரவேற்பு அதுதான். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் என்று நீங்கள் நினைத்தீர்கள், அது சரியும்கூட.

அடக்கத்துக்குப் போனேன். சூசைப்பிள்ளையின் மகள் அனஸ்தாசியா, கொழும்பில் கணினி படிக்கிறவள், தகப்பனின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரை வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள்.

"டீச்சர், அப்பா பாத்துட்டுத்தான் போனவர். பச்சையாத்தான் இருந்தது. ஏன் டீச்சர் பச்சையா இருந்தது?"

உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்தபின் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. ஏழு வருஷத்தில் வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எவரும் இவ்வளவு நல்ல முதல் கேள்வி கேட்டதில்லை. அவளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். தேத்தண்ணி குடிச்சியா மகள் என்று கேட்டேன். இல்லை என்றாள். நானே வாங்கிக் கொடுத்தேன். எங்கள் கோட் எவருக்கும் திறந்தது, நீயே வந்து பார்க்கலாம் என்றேன். ஏழாம் நாள் பூசை முடிந்து சேர்ந்துவிட்டாள். இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள்.

ஆக, அந்த வரியை எடுத்தது நான். சிலாபத்தில் எழுத்தைக் கூட்டியது தொடங்கி மொத்தம் நூற்று நாற்பது இடங்களில் கை வைத்ததும் நான். சூசைப்பிள்ளைக்காக வருந்துகிறேன், அவர் மூக்கை முழுக்கக் கைவிட்டிருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை நீங்கள் கோட்டில் கை வைக்கும் என் அனுமதியை நிறுத்தினீர்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது கன்னத்தில் குழி விழுகிற அந்தப் பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளிக்கிழமையில் எது முந்தியது என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

அனஸ்தாசியா துக்கத்தோடு வந்திருக்கிறாள், வெறுங்கையோடு நிற்க விடக்கூடாது. திங்கட்கிழமை, நீங்கள் நிறுத்துவதற்கு முந்தின நாள், அவளுக்கென்று ஒரு பிழை வைத்துவிட்டேன். சிவப்பைக் காட்டும் வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவள் கெட்டிக்காரி, இரண்டு கிழமைக்குள் கண்டுபிடிப்பாள். அதுவரைக்கும் தயவுசெய்து பழையவர்கள் யாரும் அதைத் தொட வேண்டாம்.