அக்கரைப்பற்று வரைக்கும் போகும் பைக்

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் திடீரென்று, "நான் வாங்கினது பைக் இல்ல மச்சான், கயிறு," என்றார்.

மற்றவர் திகைத்தார். "என்ன கயிறு? நானும் ஒரு கரண்ட் பைக் வாங்குவமெண்டுதான் உன்னட்டக் கேக்கன். பெற்றோல் மிச்சம்தானே?"

"ஓம், மிச்சம்தான். ஓடவும் நல்லம். ஆனா சத்தமே இல்ல. நேத்து நான் வாசலுக்கு வந்தது வீட்டுல ஒருத்தருக்கும் கேக்கல்ல. பொஞ்சாதி போன்ல அவட கூடப்பொறந்த ராத்தாவோட கதைச்சிட்டு இரிக்கா."

"என்னண்டு?"

"'பழைய பைக்கில மனிசன் ஒவ்வொரு நாளும் அக்கரைப்பற்றுக்கு கெரம் விளையாடப் போயிருவாரு. அதான் கரண்ட் பைக் வாங்கச் சொன்னன். அங்க போகத்தான் சார்ஜ் காணும், திரும்பி வரப் போதாது. இப்ப பின்னேரம் அசர் தொழுகைக்கே வீட்ட வந்திர்றாரு, அல்ஹம்துலில்லாஹ்' எண்டு சொல்றா."

"கோவம் வரல்லியா?"

"வந்திச்சிதான். ஆனா அவட குரல்ல அவ்வளவு சந்தோசம் மச்சான். பைக்க மெல்லமா றோட்டு வரைக்கும் உருட்டிட்டுப் போய், ஹோன் அடிச்சிக்கிட்டுத் திரும்பி வந்தன். ஓடி வந்து தேத்தண்ணி தந்தா. சார்ஜர் வயரையும் தந்தா."

"அப்ப நான் வாங்கவா, வேணாமா?"

"வாங்கிராத."

பக்கத்து சீட்டில் மடியில் பையோடு இருந்த பெண் அவர்கள் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அந்த பைக் விக்கிற கடை எங்க இரிக்கி?"