இரைப்பைப் புற்றை முந்தப் பார்த்த டாக்டர் ஞானபூரணம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, சிவகிரியிலிருந்தும் கரிவலத்திலிருந்தும் இந்த வெயிலில் பஸ் ஏறி இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் மக்களே, ஞானபூரணம் அம்மாவின் வீட்டாரே! வணக்கம்.

டாக்டர் ஞானபூரணம் அவர்களோடு நெடுங்காலம் ஒரே அறுவை அரங்கில் நின்றவன் நான், கிங்ஸ்லி. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நேற்றும் அவர் அறைக் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்காக நின்றேன்.

நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் இரைப்பைப் புற்றுநோயாளிகள் எந்த நிலையில் வந்தார்கள்? கஞ்சி இறங்காமல், எலும்பும் தோலுமாய், கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகு வந்தார்கள். வயிற்றைத் திறப்போம், ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து மூடுவோம். ஓராண்டு தாண்டியவர்கள் அபூர்வம். "திறந்து மூடவா படிச்சோம், கிங்ஸ்லி?" என்று கேட்டார் அம்மா. கேட்டதோடு விட்டாரா? நோய் முற்றுமுன் ஆட்களைப் பிடிக்க ஊர் ஊராகப் போனார்!

இதோ முன்வரிசையில் இளையரசனேந்தல் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி. சோடா குடித்தே நெஞ்செரிச்சலை அடக்கி வந்தவர். ஆட்டுக்கிடைக்கே போய்ப் பிடித்தார் அம்மா.

"ஆட்ட யாரு பாப்பா, டாக்டரம்மா?"

"நீங்க போய்ச் சேந்துட்டா யாரு பாப்பா, அண்ணாச்சி? வண்டில ஏறுங்க!"

வெறும் வயிற்றில், வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தோம். சின்னப் புண்தான், புற்றின் தொடக்கம். வெட்டி எடுத்தோம். இன்று பேரன் பேத்தியோடு இருக்கிறார். இப்படிப் பிழைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர்.

ஆனால் நோயும் மாறியது. கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள்ளேயே பரவும் வகையை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். அதுதான் அம்மாவுக்கு வந்தது. முதலில் பார்த்தபோது குழாய்க்கும் தெரியவில்லை, எங்கள் கண்ணுக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது படத்தை வாங்கிப் பார்த்தார். "இது நாம பாத்த பழைய ஆளு இல்லையே" என்றார். அவ்வளவுதான்.

கடைசியாக என்னிடம் சொன்னது இது: "நான் செத்தா சனம் குழாய் வேண்டாம்னு ஓடிரும். விட்டுராத."

அப்படியே நடந்தது. "டாக்டரம்மாவுக்கே தெரியலயாம், நமக்கு என்னத்தத் தெரியப்போவுது?" என்று இந்த வாரம் முகாமுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? குழாய் எல்லாவற்றையும் காட்டாது. காட்டினால் உயிர் தப்ப வழியுண்டு. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பெரிய சபதம் செய்ய இன்று என்னிடம் வார்த்தை இல்லை. அம்மா போன ஊர்களுக்கெல்லாம் நாங்கள் போவோம். நாளைக் காலை கரிவலம்வந்தநல்லூரில் குழாய்ப் பரிசோதனை முகாம் உண்டு.

வெறும் வயிற்றோடு வாருங்கள்.