விளக்கு அணையும்வரை

டீசல் வண்டியைக் குளிரில் ஸ்டார்ட் செய்யப் பொறுமை வேண்டும் ஐயா, வேறொன்றும் வேண்டாம். பெட்ரோல் வண்டிபோல இதில் தீப்பொறி கிடையாது. உள்ளே போகும் காற்று சூடேறினால்தான் டீசல் பற்றும். பனிக்காலத்தில் காற்று விறைத்துப்போய் வருமென்பதால், அது நுழையும் வழியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். சாவியைப் பாதி திருப்பினால் அது வெந்நீர் போடும் கம்பிச்சுருள்போலச் சிவக்கும். எதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை காத்திருந்து, பிறகு மீதியைத் திருப்ப வேண்டும். என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்துவிட்டது.

என் தங்கை புருஷனின் பிக்கப்பில் அந்த ஹீட்டர் செத்துக் கிடந்தது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே எரிந்துபோயிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான்தான், மாற்றிவிடலாம் மாப்பிள்ளை என்றேன். "ஒரு டப்பா ஸ்ப்ரே இருக்கறப்ப ரிலே எதுக்கு மச்சான்?" என்று சிரித்தார். காற்றுக் குழாயில் அடித்தால் சட்டென்று பற்றி இன்ஜினை எழுப்பிவிடும் ஸ்ப்ரே அது. ஹீட்டர் செத்த வண்டியில் அதை வைத்துச் சமாளிக்கலாம். சிவந்திருக்கும் ஹீட்டர்மேல் அடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அதையும் அவரிடம் சொன்னேன். "அதான் செத்துடுச்சே!" என்று அதற்கும் சிரித்தார்.

அவருக்கு எப்போதும் சிரித்த முகம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், "எங்க மச்சான் நாள் பூரா மண்டையை உடைச்சுக்கற வேலைய இந்த டப்பா ஒரு நொடியில முடிச்சிடும். எதுக்கு இவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

எனக்குப் பொறுக்காதது என் தங்கை பட்ட பாடுதான். ஸ்ப்ரே அடிக்க ஒருவர், சாவி திருப்ப ஒருவர் வேண்டும். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். அவள் விடிந்ததும் விடியாததுமாக, பானெட்டுக்குள் தலையை விட்டபடி, டப்பாவோடு பனியில் நிற்பாள். சற்றுத் தாமதமானால் ஹாரன் அடிப்பார். அவளுக்கு விரலெல்லாம் வெடித்து, இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். எங்கள் ஜன்னலிலிருந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயில் மாற்ற வண்டியை என்னிடம் விட்டபோது ரிலேயையும் மாற்றினேன். காசு கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. இனாமாக ரிப்பேர் செய்ததற்காக இங்கே வந்து உட்கார்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஸ்ப்ரே அடிக்காதே என்று காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அழுக்காக இருந்ததால் உரித்துவிட்டேன். மஞ்சள் விளக்கைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வர வழியில்லை. அந்த வண்டியில் ஹீட்டர் செத்தாலும் பிழைத்தாலும் விளக்கு தன் பாட்டுக்கு எரிந்து அணையும்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று ராத்திரி தங்கையை எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தேன். "அண்ணிக்கு முதுகுவலி, கூட இரும்மா" என்றேன். என் மனைவிக்கு முதுகு வலிக்காத நாளே கிடையாது, அதனால் அது பொய்யில் சேராது. காலையில் நல்ல பனி. அவர் வீட்டுப் பக்கம் சும்மா நடந்துபோனேன்.

"கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்தீங்க மச்சான். ஏறி உக்காந்து சாவியத் திருப்புங்க, நான் அடிக்கறேன்" என்றார்.

ஏறி உட்கார்ந்து பாதி திருப்பினேன். விளக்கு எரிந்தது.

"அடிக்கட்டுமா?"

"இருங்க மாப்பிள்ளை, விளக்கு அணையட்டும்."

"செத்த ஹீட்டருக்கு என்ன மச்சான் மரியாதை?" என்று பானெட்டுக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

விளக்கு அணைந்தது. "இப்ப அடிங்க" என்று சொல்லிவிட்டு மீதியைத் திருப்பினேன்.

குழாய் வெடித்தது. அவர் கையிலிருந்த டப்பாவும் அதோடு சேர்ந்துகொண்டது. நான்தான் போர்வையைச் சுற்றி, என் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவசரமென்று முறையை விட்டுவிடவில்லை. என் வண்டியிலும் விளக்கு அணையும்வரை காத்திருந்துதான் எடுத்தேன். போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். தங்கைக்காகக் கொன்றேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அவள் இங்கே என்னைப் பார்க்க வந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்து, இருமி முடித்து, மெதுவாகக் கேட்டாள்: "ஹீட்டர் வேலை செஞ்சா ஸ்ப்ரேயே வேணாம்னு நீதானே அண்ணே சொல்லுவே. ரிலே மாத்தியாச்சுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. மறுநாள்லேருந்து நான் பனியில நிக்க வேண்டியிருந்திருக்காதே."

அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் மாப்பிள்ளை சிரித்திருப்பார்.