எம்பசி என்று எழுதாத உறை

— இந்தக் கடுதாசி எத்தனை நாளா இந்தக் கம்பியில குத்திக் கெடக்கு, அண்ணே?

— அதா? அது ஏலக்கா ஆர்டரு, முருகேசு தாயி. கையக் கிழிச்சுக்காத.

— ஆர்டரா? ‘பிச்சைமணி ஏலக்காய்க் கடை, குமுளி’ன்னு ஒன் விலாசம் இருக்கு. அதுக்குக் கீழ என் புருசன் பேரு இருக்கு. பாக்கலையா?

— எனக்கென்ன இங்கிலீசா தெரியும்? கவர் மேல உள்ள பெரிய எழுத்தத்தான் கூட்டிப் படிப்பேன். அசோசியேசன், தைபேன்னு இருந்துச்சு. வெளிநாட்டு யாவாரிக சங்கம்னு நெனச்சேன். போன வருசம் துபாய்லருந்து இப்படித்தான் வந்துச்சு.

— யாவாரிக சங்கமா! தைவான்ல இருக்குற நம்ம நாட்டு ஆபீசு அது. லோகேசு மெசின்ல அடிபட்டுச் செத்த நாள்லருந்து நான் எதுக்குக் காத்துக் கெடந்தேனோ, அந்தக் கடுதாசி இதுதான்!

— எம்பசியிலருந்து வரும்னுதான சொன்னாங்க? தெனம் போஸ்ட்மேன மறிச்சு ‘எம்பசி கவரு வந்துச்சா’ன்னு கேட்டேனே. அந்தச் சொல்லு இதுல எங்க இருக்கு? காட்டு.

— இருக்காது. அந்த நாட்டோட நமக்கு மொறையான ஒறவு இல்லையாம். அதனால எம்பசின்னு போர்டு வைக்க மாட்டாங்களாம். சங்கம்னு பேரு வச்சுக்கிட்டு அந்த வேலையப் பாக்குறாங்களாம். அவரோட ரூம்ல இருந்த தங்கதுரை காலைலதான் போன்ல சொன்னாரு.

— ஒறவே இல்லாத ஊருக்கு நம்ம புள்ளைகள மட்டும் எப்படி ஏத்தி விட்டானுக?

— அத ஏஜென்டக் கேளு. நான் ஒன்னையக் கேக்குறேன். வெளிநாட்டுக் கவரு வந்தா எங்கிட்ட ஒருவாட்டி காட்ட ஒனக்கென்ன கேடு? எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் தபால் ஒழுங்கா வராதுன்னுதான ஒன் விலாசத்தக் குடுத்துட்டுப் போனாரு?

— ஏசு தாயி. நல்லா ஏசு.

— ஏசி என்னத்துக்கு ஆகும்? எங்க அத்தை அழகுத்தாய் சோறு எறங்காமக் கெடக்கு. மகன் மொகத்த ஒருவாட்டி பாத்துட்டு மண்ணுல வைக்கணுமாம். அதுகிட்டப் போயி, கம்பியில தொங்குச்சுன்னு சொல்லவா?

— என்னதான் கேட்டிருக்காங்க?

— ஒடம்ப ஊருக்கு அனுப்பவா, அங்கயே எரிச்சுச் சாம்பல அனுப்பவான்னு. தங்கதுரையும் அதையேதான் சொன்னாரு. ஊருக்குன்னா செலவு நம்மளோடது, அங்கயே எரிக்கிறதுன்னா காசு கெடையாது. இருபதாந்தேதி வரைக்கும் பதில் வரலைன்னா மறுபடி கேப்பாங்களாம். இன்னைக்குப் பதினெட்டு. நேரம் இருக்குண்ணே! என் கம்மல் இருக்கு, எஸ்டேட்ல பிஎஃப் இருக்கு. கொண்டாந்துருவோம். பாரத்த எடு, கையெழுத்துப் போடுறேன். கடுதாசியோட பாரம் வந்திருக்கணுமே, எங்க?

— அனுப்பிட்டேன் முருகேசு. வந்த மறுநாளே, கடை சீலு குத்தி. கால் கிலோ சாம்பிள் ஏலக்காயும் வச்சு.

— ஏலக்காயா? அட பாவி மனுசா! பொணத்தப் பத்திக் கேட்டவங்களுக்கு ஏலக்காயா அனுப்புன?

— போன செவ்வாக்கெழமையே கெடச்சிருச்சுன்னு கொரியர்காரன் மெசேஜ் போட்டுட்டான்.

— பாரத்துல என்ன எழுதுன?

— எழுதல. டிக்குதான் போட்டேன். ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஒண்ணுக்கு நேரா பெரிய தொகை. ஒண்ணுக்கு நேரா சைபர்.

— எதுல போட்ட? அண்ணே, எதுல போட்ட?

— எல்லாப் பாரத்துலயும் போடுறதுதான் தாயி. லாரிக் கூலி சரக்கு வாங்குறவன் தலையில விழட்டும்னு... சைபர்ல.